பாலையும் நெய்தலும் கூடும் கரை



தொல்காப்பியர் நானிலத்தைப் பகுத்துரைக்கும்போது பாலைக்கெனத் தனியே ஒரு நிலத்தை ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலையென ஒரு வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நெய்தல் திரிந்து பாலையாகும் என்று அங்கே கூறப்படவில்லை. பிரிவும் இரங்கலும் உரிப்பொருளில் அண்டை வீட்டார்தாம். எனினும், அவற்றுக்குரிய இரு நிலங்களும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் காட்சி திணை இலக்கணத்தில் இடம் பெறவில்லை.

உலகில் அத்தகைய கரைகள் பல உள்ளன. செங்கடலின் இரு கரைகள், ஆப்பிரிக்காவின் நமீபியா, தென் அமெரிக்காவின் அடகாமா, குசராத்தின் கட்ச் வளைகுடா ஆகிய இடங்களில் மணலும் கள்ளியும் நேரே அலைவாய்க்கு வந்து முடிகின்றன. அவற்றுள் மெக்சிகோ நாட்டின் பாஹா கலிபோர்னியா என்னும் நீண்ட குடாநிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே கடலைக் காணவரும் பயணிக்கும் கடலை நம்பி வாழும் குடிக்கும் கடல்வாழ் உயிர்க்கும் இடையே நடந்தது என்ன என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம். இலக்கிய மேடையில் இப்பொருள் எதற்கு என்ற வினா எழலாம். அந்தக் கதையின் திருப்புமுனையில் ஒரு கவிஞர் நிற்கிறார் என்பது அதற்கு முதல் விடை. வேறு விடைகள் தாமே வரும்.

பாஹா கலிபோர்னியா 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, மேற்கே பசிபிக் பெருங்கடலுக்கும் கிழக்கே கலிபோர்னியா வளைகுடாவுக்கும் நடுவே ஒரு விரல்போல் தொங்குகிறது. வளைகுடாவுக்குக் கோர்டெஸ் கடல் என்றொரு பெயரும் உண்டு. குடாநிலத்தின் நடுப்பகுதியில் விஸ்காயினோ பாலை. அங்கே ஆண்டு மழை பெரும்பாலும் 100 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. மழையே காணாத ஆண்டுகளும் உண்டு. கார்தோன் எனப்படும் பெருங்கள்ளி, பனையோடு போட்டியிடும் உயரத்திற்கு வளர்ந்து நிற்கிறது. சங்கப் பாடல்களில் புறா அமர்ந்து பெடையை அழைப்பது கள்ளியின்மீது. இங்கோ விராலடிப்பான் என்னும் மீனுண்ணிப் பருந்து கள்ளியின் உச்சியில் கூடுகட்டி, கடலிலிருந்து மீனைப் பற்றிவந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. பாலையின் மரத்தில் நெய்தலின் உணவு. அந்நிலத்தின் இயல்பை இதனினும் சுருக்கமாகச் சொல்வது அரிது.

நிலம் வறண்டிருக்கக் கடல் மட்டும் எவ்வாறு வளமுற்றது? இரண்டும் எதிர்நிலைகள் என்று தோன்றினும் இரண்டிற்கும் வேர் ஒன்றே. மேற்குக் கரையில் வடக்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் இறங்கி வருகிறது. காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, ஆழத்திலிருந்து ஊட்டம் நிறைந்த குளிர்நீர் மேலெழுகிறது. அந்த ஊட்டத்தால் நுண்ணுயிர்களும், நுண்ணுயிர்களால் மீனும் பெருகுகின்றன. அதே குளிர்நீர் காற்றைக் குளிர்வித்து, மேகம் திரண்டு பொழியாதபடி தடுத்து, நிலத்தைக் காய வைக்கிறது. கடலை வளமாக்கிய காரணமே நிலத்தை வறியதாக்கியது எனலாம். கிழக்கே வளைகுடாவின் தென்பகுதியில் மற்றொரு நன்மை: பேராறுகள் வண்டலைக் கொணர்ந்து கொட்டாமையால் நீர் தெளிந்திருக்கிறது, தெளிந்த நீரில் ஒளி இறங்குகிறது, ஒளி இறங்கும் இடத்தில் பவளம் வாழ முடிகிறது.

கேரி போலிஸ் என்னும் சூழலியலாளர் வளைகுடாவின் சிறு தீவுகளில் சிலந்திகளையும் தேள்களையும் பல்லாண்டுகள் எண்ணிப் பார்த்தார். செடியே அரிதான மொட்டைப் பாறைத் தீவுகளில் சிலந்திகள் மிகுந்திருந்தன. கரையில் ஒதுங்கும் கடற்பாசியும் இறந்த மீனும் பறவையின் எச்சமுமே அவற்றை வாழ்விக்கின்றன என்று அவர் காட்டினார். நிலம் கடலுக்கு உணவளிக்கிறது என்பதே பொதுவான எண்ணம். அங்கே கடல் நிலத்திற்குச் சோறிடுகிறது. போலிஸ் 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் அதே வளைகுடாவில் படகு கவிழ்ந்து, உடன் சென்ற அறிஞர் சிலரோடு உயிர் நீத்தார். அவர் விட்டுச் சென்ற கருத்து இவ்வுரை முழுமைக்கும் அடித்தளமாகும்: இத்தகைய கரையில் கடல் கெட்டால் நிலத்திற்கு வேறு கைம்முதல் இல்லை.

இனி, திமிங்கிலங்களின் கதைக்கு வருவோம். வடதுருவத்தை அடுத்த குளிர்கடலில் கோடையெல்லாம் இரை தேர்ந்து கொழுத்த சாம்பல் திமிங்கிலங்கள், பனிக்காலம் தொடங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. போக்கும் வரவுமாக 16,000 முதல் 20,000 கிலோமீட்டர் அவற்றின் ஆண்டுப் பயணம். விஸ்காயினோ பாலையின் ஓரமாக உள்ள ஓகோ தே லியெப்ரே, சான் இக்னாசியோ முதலிய உவர்நீர்க் கழிகளே அவற்றின் பேறுகால வீடு. கழியின் நீர் ஆழமற்றது. வெயிலால் ஆவி மிகுதியாக எழுவதால் உப்பு கூடியது. கன்று மிதப்பதற்கு எளியது. கொலைகாரத் திமிங்கிலம் எனப்படும் ஓர்க்காவும் உள்ளே நுழையத் தயங்கும். பிறக்கும் கன்று ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளம் இருக்கும். தாய் அங்கே பெரும்பாலும் உண்பதில்லை. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்தே பால் தருகிறது. அந்தப் பாலில் பாதிக்குமேல் கொழுப்பு. உண்ணா நோன்பிருந்து மகவை வளர்க்கும் தாயின் அருகே ஒரு படகு செல்வதென்றால் எத்தனை கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கு இஃதொன்றே காரணம் ஆகும்.

1857-58 பருவத்தில் சார்ல்ஸ் ஸ்கேமன் என்னும் அமெரிக்கக் கப்பல் தலைவர் ஓகோ தே லியெப்ரே கழிக்குள் கப்பலைச் செலுத்தினார். தப்பிக்க வழியில்லாக் கழியில், கன்றோடு நின்ற தாய்கள் எளிய இலக்கு. சில பருவங்களுக்குள் சான் இக்னாசியோவிலும் வேட்டை பரவியது. கன்றைக் காக்கத் தாய்கள் படகுகளைத் தாக்கி உடைத்தமையால், வேட்டைக்காரர்கள் அவற்றுக்குப் 'பேய்மீன்' என்று பெயரிட்டனர். பெற்ற மகவைக் காத்தது பேய்த்தனம் ஆயிற்று! ஓகோ தே லியெப்ரேக்கு ஸ்கேமனின் பெயரே பின்னர் வழங்கலாயிற்று. அதே ஸ்கேமன் 1874-இல் அக்கரையின் கடற்பாலூட்டிகளைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதினார். திமிங்கிலங்களின் வாழ்வை நுணுகி விளக்கிய தொடக்க நூல்களுள் அது ஒன்று. கொன்றவரே அவற்றின் வரலாற்றாசிரியரும் ஆனார். 1930-களிலும் 1946-இலும் ஏற்பட்ட பன்னாட்டு உடன்பாடுகள் அவ்வினத்தை அழிவின் விளிம்பில் தடுத்து நிறுத்தின. மெக்சிகோ 1972-இல் ஓகோ தே லியெப்ரேயையும் 1979-இல் சான் இக்னாசியோவையும் திமிங்கிலப் புகலிடங்களாக அறிவித்தது. 1988-இல் எல் விஸ்காயினோ உயிர்க்கோளக் காப்பகம் உருவாயிற்று. பரப்பு ஏறத்தாழ 25 இலட்சம் எக்டேர். 1993-இல் அக்கழிகள் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

இவை அரசாணைகள். கழியில் நடந்ததோ வேறொன்று. சான் இக்னாசியோ மீனவர்களும் திமிங்கிலத்தை அஞ்சியே வந்தனர். அவை நடமாடும் பக்கம் படகைச் செலுத்தாமல் ஒதுங்கினர். 1972-இல் பிரான்சிஸ்கோ மயோரால் என்னும் மீனவர் தோழர் ஒருவருடன் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு திமிங்கிலம் படகின் அடியில் வந்து நின்றது. பக்கம் மாறி மாறி எழுந்தது, விலகவில்லை. அஞ்சி நடுங்கியவர் கடைசியில் கைநீட்டித் தொட்டார். ஊரார் 'பச்சிகோ' என்றழைத்த அவர் 2013-இல் மறையும்வரை அக்கழியின் முதல் வழிகாட்டியாகப் போற்றப்பட்டார். தொட்டவர் மீனவர், தொட வந்தது திமிங்கிலம். அதற்குப் பிறகுதான் உலகம் அங்கே பார்க்க வந்தது. மீனவரின் 'பங்கா' என்னும் சிறு விசைப்படகே பயணியரை ஏற்றும் படகும் ஆயிற்று. வலை ஓய்ந்திருக்கும் மூன்று மாதத்திற்கு ஒரு வருவாய் பிறந்தது.

'சூழலியல் சுற்றுலா' என்று இன்று வழங்கும் தொடரை 1983-இல் உருவாக்கியவராகச் சொல்லப்படும் ஹெக்டர் செபயோஸ்-லாஸ்குராயினும் மெக்சிகோ நாட்டவரே. அவர் கட்டடக் கலைஞர். யுகதான் பகுதியில் பூநாரைகள் வாழும் சதுப்பு நிலத்தைக் காக்க வாதாடியவர். பூநாரையைக் காண வருவோரால் அவ்வூர் மக்கள் பிழைக்கலாம் என்பது அவர் வாதம். எனவே அச்சொல் பிறந்தபோதே அதில் இரு கூறுகள் இருந்தன: காண்பவரின் மகிழ்ச்சி ஒன்று, அங்கே வாழ்பவரின் சோறு மற்றொன்று. பின்னாளில் விடுதி விளம்பரங்கள் முதற்கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டன. சுவரில் பச்சை வண்ணம் பூசிய விடுதியெல்லாம் சூழலியல் விடுதி ஆகிவிட்ட காலம் இது.

நெய்தல் நிலத்தின் தொழில் யாது என்று கேட்டால், மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் என்று தமிழ் மாணவர் எவரும் சொல்வர். சங்கப் பாடல்களில் பரதவரும் உமணரும் அடுத்தடுத்து வருகின்றனர். இரு தொழிலும் மோதிக்கொண்டதாகக் காணோம். சான் இக்னாசியோவில் அவை மோதின.

வடக்கே கெரெரோ நேக்ரோவில் உலகின் மிகப்பெரிய உப்பளங்களுள் ஒன்று இயங்குகிறது. அவ்வூரின் பெயர் 1858-இல் அங்கே மூழ்கிய ஓர் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயருடைய மொழிபெயர்ப்பு. அந்த உப்பு நிறுவனத்தில் அப்போது மெக்சிகோ அரசுக்கு 51 விழுக்காடும் மிட்சுபிஷி நிறுவனத்திற்கு 49 விழுக்காடும் பங்கு இருந்தன. 1990-களின் நடுவில் அந்நிறுவனம் சான் இக்னாசியோவிலும் உப்பளம் அமைக்கத் திட்டமிட்டது. கழியிலிருந்து நொடிக்கு 6,000 காலன் நீரை இறைத்து, நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் பாத்திகளில் பாய்ச்சி, கடலுக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீண்ட துறைமேடை வழியாகக் கப்பலேற்றுவது திட்டம். பாலையில் வெயிலுக்கும் காற்றுக்கும் விலையில்லை. உப்பு விளைக்க அதனினும் ஏற்ற நிலம் எங்கே கிடைக்கும்?

நிறுவனத்தின் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். ஓகோ தே லியெப்ரே கழியருகே உப்பளம் பல்லாண்டுகளாக இயங்கியும் திமிங்கிலங்கள் அங்கே வரத்தான் செய்தன, தொகையும் பெருகியது. வேலையும் சாலையும் வரும் என்று வரவேற்ற உள்ளூர் மக்களும் இருந்தனர். பாலையில் வாழ்பவன் வேலையை விரும்புவது குற்றமன்று. எனினும், 1997 டிசம்பரில் ஓகோ தே லியெப்ரே பகுதியில் 94 கடலாமைகள் மாண்டு கிடந்தன. உப்பளத்திலிருந்து வெளியேறிய கடுங்கழிவுநீரின்மேல் ஐயம் விழுந்தது. திமிங்கிலம் பெரியது, உப்பு சற்றுக் கூடினாலும் தாங்கிக்கொள்ளலாம். ஆமைக்கும் இறாலுக்கும் கண்டல் வேரில் ஒட்டிய சிப்பிக்கும் அவ்வாறு தாங்கும் ஆற்றல் உண்டா என்ற வினாவுக்கு நிறுவனத்தின் வாதத்தில் விடையில்லை.

இங்கேதான் கவிஞர் வருகிறார். ஹோமெரோ அரிட்ஜிஸ் மெக்சிகோவின் முதன்மைக் கவிஞர்களுள் ஒருவர். 1985-இல் அவர் எழுத்தாளரும் ஓவியரும் அறிஞருமாக நூறுபேரைத் திரட்டி 'நூற்றுவர் குழு' ஒன்றைத் தொடங்கினார். ஆக்டேவியோ பாஸ், கேப்ரியல் கார்சியா மார்க்வெஸ், ஹுவான் ருல்ஃபோ ஆகியோர் அதில் ஒப்பமிட்டவர்கள். முதலில் தலைநகரின் நச்சுக் காற்றுக்காகவும், பின்னர் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளின் காடுகளுக்காகவும், கடலாமைக்காகவும் அக்குழு குரல் கொடுத்தது. 1995-இல் உப்பளத் திட்டத்தை நாளேட்டுக் கட்டுரையால் வெளிக்கொணர்ந்தவர் அரிட்ஜிஸே. அமெரிக்கச் சூழல் அமைப்புகள் சேர்ந்தன. மிட்சுபிஷிக்கு மக்கள் மடல்கள் இலட்சக்கணக்கில் குவிந்தன. யுனெஸ்கோ குழுவொன்று நேரில் சென்று பார்த்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் எர்னஸ்டோ செடியோ திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அவ்விடத்தின் இயற்கையழகே அவர் முதன்மையாகச் சுட்டிய காரணம். அழகு ஓர் அரசாணைக்குக் காரணமாவது அரிது. கவிஞர்கள் போராடியதால் அழகு சட்டத்தின் சொல்லாயிற்று என்று கருத இடமுண்டு. 'திமிங்கிலத்தின் கண்' என்ற தலைப்பில் அரிட்ஜிஸ் கவிதையும் எழுதினார். ஆனால் கழியைக் காத்தது கவிதையன்று. ஐந்தாண்டு அறிக்கையும் கட்டுரையும் விடாமல் எழுதிய அதே கை. இலக்கிய அமைப்புகள் இவ்வேறுபாட்டை மனங்கொள்வது நன்று.

திட்டம் நின்றபின் கழியைக் காப்பது யார்? 2005-இல் கழியைச் சூழ்ந்த பொதுநிலத்தின் உரிமையாளரான ஊர்க்குழுவினர், அந்நிலத்தில் பெருந்தொழிலோ பெருங்கட்டடமோ வர இடந்தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதற்கு ஈடாக, ஊர்நலப் பணிகளுக்கென ஆண்டுதோறும் 25,000 டாலர் தரும் அறக்கட்டளை நிதி அமைக்கப்பட்டது. பெருந்தொகையன்று. ஆனால் காவல் காப்பதும் ஒரு தொழில், அதற்கும் கூலி உண்டு என்பதை அது ஏற்றுக்கொண்டது. திமிங்கிலம் காணும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. கழியின் உட்பகுதி தாயும் கன்றும் தங்குமிடம். அங்கே பயணிகளின் படகு செல்லக்கூடாது. வாய்ப்பகுதியில் மட்டுமே பார்வை. ஒரே வேளையில் 16 படகுகளுக்குமேல் அங்கே இருத்தல் ஆகாது. படகு திமிங்கிலத்தைத் துரத்தக்கூடாது; அது தானே வந்தால் வரட்டும். காண வந்தவன் காத்திருக்கவேண்டும் என்னும் இவ்விதி சுற்றுலாவின் இலக்கணத்தையே மாற்றிவிடுகிறது.

குடாநிலத்தின் மறுபுறம், தென்கிழக்கு மூலையில் காபோ புல்மோ. மக்கள்தொகை நூறு, நூற்றைம்பது பேர், மண்சாலை, மின்கம்பி எட்டாத வீடுகளில் கதிரொளி மின்சாரம். அதன் எதிரே கலிபோர்னியா வளைகுடாவிலேயே பெரிய பவளத்திட்டு. 1940-இல் ஜான் ஸ்டெயின்பெக் தம் நண்பரும் உயிரியலாளருமான எட் ரிக்கெட்ஸுடன் 'வெஸ்டர்ன் ஃபிளையர்' என்ற மீன்பிடி படகில் ஆறுவாரம் இக்கடலைச் சுற்றியபோது இத்திட்டிலும் இறங்கினார். பயணத்தின் பிற்பகுதியில் வளைகுடாவின் எதிர்க்கரையருகே பெருங்கப்பல்கள் கடலடியைச் சுரண்டி இறால் வாருவதைக் கண்டு அவர்கள் வருந்தி எழுதினர். லா பாஸ் நகரில் கேட்ட கதையிலிருந்தே அவருடைய 'முத்து' என்னும் குறுநாவல் பிறந்தது.

லா பாஸ் முத்துக்குப் பெயர்போன நகரம். கொற்கையின் புகழை நினைவூட்டும் அளவுக்கு அங்கே முத்துக்குளிப்பு நடந்து, 1940-ஐ ஒட்டிச் சிப்பிப் படுகைகள் அற்றுப்போயின. காபோ புல்மோவின் முதற்குடியான காஸ்ட்ரோ குடும்பத்தாரும் முத்துக்குளித்தவரே. முத்து போனபின் மீனுக்கு மாறினர். அரைநூற்றாண்டுக்குள் மீனும் குறைந்தது. நாள்தோறும் இன்னும் தொலைவு, இன்னும் ஆழம் சென்று பிடிக்கவேண்டிய நிலை வந்தது. 1980-களில் தென் பாஹா கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்திட்டை ஆராய வந்தனர். அவர்களுடைய கண்ணாடியை அணிந்து, தாம் காலமெல்லாம் மீன்பிடித்த திட்டை முதன்முறையாக நீருக்கடியில் பார்த்தவர்களுள் மாரியோ காஸ்ட்ரோவும் ஒருவர். நங்கூரம் விழுந்து நொறுங்கிய பவளத்தை அவர் அங்கே கண்டார். அவர்கள் வீசிய நங்கூரம்தான் அது.

மக்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வேண்டியதன் பயனாக 1995 ஜூன் 6 அன்று 7,111 எக்டேர் பரப்புள்ள தேசியக் கடற்பூங்கா அறிவிக்கப்பட்டது. அரசாணை மீன்பிடிக்க முற்றிலும் தடைசெய்த பகுதி மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எஞ்சிய பகுதியிலும் பிடிப்பதில்லை என்று முடிவுசெய்தவர்கள் ஊரார். சட்டம் அனுமதித்ததை விட்டுக்கொடுத்தவர்கள் மீனவர்கள் என்பது இவ்வரலாற்றின் உயிர்நிலை.

விட்டுக்கொடுத்த மறுநாளே மீன் பெருகிவிடவில்லை. 1999-இல், அதாவது பூங்கா தோன்றி நான்காண்டு கழித்து, வளைகுடா முழுவதும் ஆய்வாளர்கள் மீன்தொகையைக் கணக்கிட்டபோது, காபோ புல்மோவுக்கும் தங்குதடையின்றி மீன்பிடிக்கும் இடங்களுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை: எக்டேருக்கு முக்கால் டன். நான்காண்டு வலையைக் கட்டிவைத்த குடும்பத்துக்கு அந்த எண் எவ்வளவு கசந்திருக்கும்! பயணிகளும் அன்று பெருந்திரளாக வரவில்லை. இருந்தும் வலை அவிழவில்லை. 2009-இல் மீண்டும் எண்ணினர். எக்டேருக்கு 4.24 டன். பத்தாண்டில் 463 விழுக்காடு உயர்வு. சுறா, களவா முதலிய பெருமீன்களின் நிறை மட்டும் 11 மடங்கு. 2011-இல் ஒக்டாவியோ அபுர்டோ-ஒரோபேசாவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட இக்கட்டுரை கடலியல் உலகைத் திகைக்கவைத்தது. அதே வளைகுடாவில், பெயரளவில் பூங்காவாகி, காவலின்றி விடப்பட்ட பிற இடங்களில் மீன் பெருகவில்லை என்பதையும் அக்கட்டுரை காட்டியது. இரண்டிடத்தும் கடல் ஒன்று, நாட்டின் சட்டமும் ஒன்று. கரையில் நின்றவர்கள்தாம் வேறு.

இன்று பாரை மீன்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு ஒரு தூண்போல் சுழல்வதைக் காண உலகெங்கிலுமிருந்து முக்குளிப்போர் வருகின்றனர். மீனவரின் மக்கள் படகோட்டிகளும் முக்குளிப்பு ஆசிரியர்களும் உணவகம் நடத்துவோரும் ஆயினர்.

கதை இங்கே முடிந்திருந்தால் மகிழலாம். மீன் பெருகிய செய்தி பரவியதும் நிலத்தின் விலையும் பெருகியது. 1973-இல் குடாநிலத்தின் நீளத்திற்கும் நெடுஞ்சாலை முடிந்தது. அதே பத்தாண்டில் மெக்சிகோ அரசு கான்கூன் முதலிய ஐந்து இடங்களைப் பெருஞ்சுற்றுலா மையங்களாக்கத் தேர்ந்தபோது தெற்கு முனையிலுள்ள லாஸ் காபோசும் அவற்றுள் ஒன்றாயிற்று. விடுதிகள் அணிவகுத்தன. பின்னர் பூங்காவின் எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 3,800 எக்டேரில் 'காபோ கோர்டெஸ்' என்ற பெயரில் ஒரு நகரமே எழுப்ப ஒரு ஸ்பானிய நிறுவனம் திட்டமிட்டது: 27,000-க்குக் குறையாத அறைகள், 490 படகுகளுக்குத் துறை, கோல்ஃப் திடல்கள். 2008-இல் நிபந்தனைகளோடு அரசு ஒப்புதலும் தந்தது. நூற்றைம்பது பேர் வாழும் சிற்றூருக்கு அருகே இருபத்தேழாயிரம் அறைகள்!

பாலையில் கட்டடத்தைவிடப் பெரிய வினா தண்ணீர். மழைக்காடு சூழ்ந்த கரையில் விடுதி கட்டுவதும் பாலைக்கரையில் கட்டுவதும் ஒன்றல்ல. விருந்தினன் ஒருவன் காலையில் குளிப்பதும், புல்திடலுக்குப் பாய்வதும் எங்கோ ஓர் ஊற்றிலிருந்து வரவேண்டும். காபோ கோர்டெசுக்குச் சான்டியாகோ பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரைக் குழாயில் கொண்டுவர எண்ணினர். அப்பள்ளத்தாக்கின் உழவர்க்கு அது வாழ்வுநீர். கடல்நீரைக் குடிநீராக்குவது மற்றொரு வழி. லாஸ் காபோசில் நடைமுறையில் உள்ளதே. ஆனால் அதில் எஞ்சும் கடுவுப்புநீர் மீண்டும் கடலிலேயே கலக்கிறது. எந்தப் பவளத்தைக் காண விருந்தினன் வந்தானோ அந்தப் பவளத்தின் தலையிலேயே அவன் குளித்த கணக்கு வந்து விழுகிறது. கோல்ஃப் திடலின் உரமும் மருந்தும் அவ்வாறே. கடலைக் காணத் தூண்டும் சுற்றுலாவே கடலை அழிக்கும் வழி பாலைநிலத்தில் இவ்வளவு குறுகியது.

காபோ புல்மோ ஊரார் எதிர்த்தனர். சூழல் அமைப்புகளும் மெக்சிகோ அறிவியலாளரும் துணைநின்றனர். 2012 ஜூன் 15 அன்று குடியரசுத் தலைவர் பெலிபே கால்தெரோன் திட்டத்தை நிறுத்தினார். 2014-இல் அதே நிலத்தில் 'காபோ தொராதோ' என்று பெயர்மாற்றிய மற்றொரு திட்டம் வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதுவும் சில மாதங்களில் திரும்பப் பெறப்பட்டது. நிலம் அங்கேயே இருக்கிறது, கடற்காட்சியும் இருக்கிறது. மூன்றாவது திட்டம் வாராது என்று எழுதிக்கொடுத்தார் எவரும் இலர்.

சான் இக்னாசியோவையும் காபோ புல்மோவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். சுற்றுலா வந்ததனால் கடல் பிழைத்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் வரிசை மாறியது. முதலில் மீனவர் தாம் கைவிடத்தக்கதைக் கைவிட்டனர், எல்லை வகுத்தனர், பின்னரே பயணி வந்தார். எல்லையைத் தம் கையில் வைத்திருந்தமையால்தான் பயணியால் கேடு விளையவில்லை. எல்லையில்லா இடத்தில் முதலில் பயணி வந்தால் மீனவன் தன் கரையிலேயே விடுதியின் வேலையாளாகி நிற்பான். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பெருமை பேசும் சுற்றுலாத் துறைகளுக்கு, எத்தனை பேரோடு நிறுத்துவது என்று கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

கரையிலுள்ளோர் எவ்வளவு கவனமாக இருந்தும் கைக்கெட்டாதவை உண்டு. 2016-இல் சாம்பல் திமிங்கிலங்கள் ஏறத்தாழ 27,000 எனக் கணக்கிடப்பட்டன. 2019 முதல் மெலிந்த உடல்கள் பசிபிக் கரையெங்கும் ஒதுங்கலாயின. 2023-இல் தொகை 14,500 அளவுக்கு இறங்கியது. வடதுருவக் கடலில் பனி உருகும் முறை மாறி, கடலடியில் அவை தேடியுண்ணும் சிற்றுயிர்கள் குறைந்தமையே காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். உண்ணா நோன்புக்கு முன் உண்ண வேண்டியது கிடைக்கவில்லை. கன்றுகளின் எண்ணிக்கையும் தாழ்ந்தது. திமிங்கிலம் காண விமானமேறிப் பறந்து வரும் பயணியும் அந்தப் பனி உருகுவதில் சிறுபங்கு உடையவர் என்பதைச் சான் இக்னாசியோவின் விதிப்பட்டியல் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது.

அக்கழியில் பருவம் டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் இறுதியில் முடிகிறது. அக்காலமெல்லாம் வாய்ப்பகுதியில் படகுகள் எண்ணப்படுகின்றன. பதினாறாவது படகு உள்ளே போனபின் பதினேழாவது படகு, நெடுந்தொலைவு கடந்து வந்த பயணிகளை ஏற்றியவாறே, ஒன்று திரும்பி வரும்வரை வெளியே நிற்கிறது.